இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை

மார்ச் 3, செவ்வாய்

சலூனுக்கு இன்று விடுமுறை. கத்தரிக்கோல்களைத் துடைத்து வைத்தேன். துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றினேன். செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் மாடிக்கு வந்து சமையலறை ஜன்னலில் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

என் மகள், வீட்டில் எங்களுக்குப் பாப்பா, நேற்றிலிருந்து மேலே ஏறுகிறாள். இரண்டு வருஷமாக அதே கம்பெனியில் கீழே நின்று சரக்குக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போதும் எனக்குப் பயம்தான், ஆனால் அது தரையில் நிற்கிற பயம். இப்போது கிரேன் ஓட்டுகிறாள். இருபது மாடிக்கும் மேலே, இரும்புச் சட்டத்தின் உச்சியில், ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக. மூன்று மாதம் பார்ப்பார்களாம், சரியாக இருந்தால் நிரந்தரமாக்குவார்களாம். சரியாக இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

நான் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறவன். இவளுக்கு இந்தத் தைரியம் என்னிடமிருந்து வரவில்லை. அவள் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் கூண்டு தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. உள்ளே இருப்பது ஆளா, மாட்டிவைத்த சட்டையா, ஒன்றும் புரியவில்லை. மதியம் பஸ் கம்பெனி டிக்கெட் கவுண்டரிலிருந்து மனைவி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

"என்ன, ஜன்னலுக்குக் காவலா?"

காற்று வாங்குகிறேன் என்றேன். காற்றே இல்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று ஒருவர் காதைக் கீறிவிட்டேன்.

முப்பது வருஷத் தொழிலில் இப்படி நடந்ததே இல்லை. நாற்காலியில் இருந்தவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கிற ஆசாமி. எங்கேயோ ஒரு ஊரில் கிரேன் சாய்ந்துவிட்டதாம். "ஓட்டினவன் என்ன ஆனான்னு பாருங்க" என்று ஆரம்பித்தார். என்ன ஆனான் என்பதை அவர் படித்து முடிப்பதற்குள் கத்தி நழுவிவிட்டது. சின்னக் கீறல்தான். படிகாரம் வைத்து அழுத்தினேன். காசு வேண்டாம் என்றேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

ஓட்டினவன் என்ன ஆனான்? தாளை அவர் கையோடு எடுத்துப் போய்விட்டார். நல்லதுக்குத்தான்.

மார்ச் 7, சனி

கடைத்தெரு முனையில் சாமான்களை விரித்து வைத்து விற்பவனிடம் ஒரு பைனாகுலர் வாங்கிவிட்டேன். மூன்று வகை வைத்திருந்தான். எட்டு மடங்கு, பன்னிரண்டு, இருபது. எது நல்லது என்று கேட்டேன். "பெரிய நம்பர்தான் சார் நல்லது, பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி தெரியும்" என்றான். அதுதானே எனக்கு வேண்டும். இருபதை எடுத்தேன். செங்கல் கனம்.

வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. பாப்பாவும் இறங்கி வந்துவிட்டாள். துண்டு வைக்கிற இழுப்பறையில், அடியில் ஒளித்திருக்கிறேன். நாளை ஞாயிறு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். திங்கள்கிழமைதான் பார்க்க முடியும்.

மார்ச் 9, திங்கள்

கடவுளே. கிரேன் ஆடுகிறது.

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் மாடிக்கு ஓடிவந்து பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நடுவில் காசு அளவுக்கு ஒரு வட்டம் தெரிகிறது, சுற்றிலும் கறுப்பு. கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் கரைந்துபோகிறது. ஒரு கண்ணுக்குத் தெரிந்தால் இன்னொரு கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படியோ திருகித் திருகி, அந்தக் காசுக்குள் கூண்டைப் பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் பார்த்தேன் — கூண்டு ஆடுகிறது. மெதுவாக இல்லை. நடுங்குகிறது, இடமும் வலமும் துள்ளுகிறது. உள்ளே மஞ்சள் தொப்பி. என் குழந்தையின் தொப்பி. அதுவும் சேர்ந்து குதிக்கிறது.

என்ன செய்தேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. படியில் இறங்கினேன். கட்டடத்தைச் சுற்றி அடித்திருக்கும் தகரத்தில் ஒரு நம்பர் எழுதியிருக்கும், அதை என்றைக்கோ குறித்து வைத்திருந்தேன். போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். கிரேன் ஆடுது, உடனே நிறுத்துங்க, இறக்குங்க, இறக்குங்கன்னு கத்தினேன். வேற என்ன சொன்னேன்? தெரியல. நீங்க யாருன்னு கேட்டாங்க, வச்சிட்டேன்.

திரும்ப ஓடிவந்து பார்த்தபோது சரக்கு தரைக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கூண்டில் தொப்பியைக் காணோம். இறங்கிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பாப்பா வந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாரோ போன் பண்ணி கிரேன் ஆடுதுன்னு சொல்லியிருக்காங்க. வேலையை நிறுத்திட்டாங்க. இன்ஜினியர் வந்து பார்க்கற வரைக்கும் ஏறக் கூடாதாம்."

"பார்க்கட்டுமே, நல்லதுதானே?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள்.

மார்ச் 11, புதன்

இன்ஜினியர் இரண்டு நாளாக ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்கிறாராம். கிரேனில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இப்போது பாப்பாவைக் கேட்கிறார்களாம். சரக்கை வேகமாக வீசினாயா, சட்டென்று நிறுத்தினாயா, அதனால்தான் ஆடியதா. "ஓட்டறவ புதுசு, அவசரப்பட்டிருப்பா" என்று சைட் மேனேஜர் மற்றவர்களிடம் சொன்னாராம். அப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் மூன்று மாதத்தோடு சரி, திரும்பக் கொக்கி மாட்டத்தான் போக வேண்டும் என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்தான் என்று சொல்லிவிடலாமா? சொல்லி? நான் பார்த்தது பொய்யில்லையே. இந்தக் கண்ணால் பார்த்தேன். இன்ஜினியருக்குக் கிடைக்கவில்லை என்றால் ஆட்டம் இல்லை என்று ஆகிவிடுமா?

மார்ச் 13, வெள்ளி

இன்று மறுபடி ஏறினாள். மறுபடி பார்த்தேன்.

ஆடுகிறது.

மார்ச் 14, சனி

பாப்பாவைக் காலையில் வாசலில் மடக்கினேன். உடம்பு சரியில்லைன்னு லீவு போடு என்றேன். எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு என்றாள். எனக்குச் சரியில்லை என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சுடலையேப்பா."

"சுட்டாத்தானா?"

"நேரமாச்சு, வரேன்."

மனைவி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "வேலைக்குப் போற பிள்ளைய வாசல்ல நிறுத்தி ஏன் இப்படிப் படுத்தறீங்க? நீங்க பயந்தா கிரேன் கெட்டியாயிடுமா?" என்றாள். எப்படி இவளால் முடிகிறது? தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுகிறாள். பெற்றவள்தானா என்றுகூடத் தோன்றியது. இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

போன் செய்வதற்கு இரண்டு முறை கையை நீட்டினேன். செய்யவில்லை. இன்னொரு போன் வந்தால் அவள் வேலை போய்விடும். செய்யாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இந்தப் பக்கம் போனாலும் பயம், அந்தப் பக்கம் போனாலும் பயம்.

இந்தப் பைனாகுலரில் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. இன்னும் தெளிவாகப் பார்த்தால் எந்த இடத்தில் ஆடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிடலாம். முப்பது மடங்கு, நாற்பது மடங்கு இருக்குமாமே. செவ்வாய்க்கிழமை பெரிய கடைக்குப் போகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மணிக்கூண்டுக்கு எதிரில் கண்ணாடி, காமிரா, தொலைநோக்கி எல்லாம் விற்கிற கடை. முதலாளி ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பின்கழுத்தில் நல்ல வேலைப்பாடு. இருப்பதிலேயே பெரிய நம்பர் காட்டுங்கள் என்றேன். அவர் எதையும் எடுக்கவில்லை. ஸ்டூலைக் காட்டினார்.

"எதைப் பார்க்கப் போறீங்க?"

"பறவை."

"என்ன பறவை?"

எனக்குக் காக்கா, குருவியைத் தவிர எதுவும் தெரியாது. "பெருசா இருக்கும்" என்றேன்.

"கண்ணாடி போட்டுட்டே பார்ப்பீங்களா, கழட்டிட்டா? நின்னுட்டா, உட்கார்ந்தா? எவ்ளோ நேரம் பார்ப்பீங்க?"

பைனாகுலர் வாங்க வந்தால் பெண் பார்க்க வந்தவனைப் போல விசாரிக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பையிலிருந்து இருபதை எடுத்து மேஜையில் வைத்தேன். இது போதவில்லை, இதைவிடப் பெரியது வேண்டும் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். வாசலில் போய் நின்று மணிக்கூண்டைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

மணிக்கூண்டு துள்ளிக்கொண்டிருந்தது. இடமும் வலமும். கிரேன் எப்படி ஆடியதோ, அதே மாதிரி.

"ஆடுது" என்றேன்.

"அது என் தாத்தா காலத்துல இருந்து நிக்குதுங்க. இப்போ முழங்கையை இந்த மேஜையில ஊன்றிக்கிட்டுப் பாருங்க."

ஊன்றினேன். மணிக்கூண்டு பாதி அடங்கிவிட்டது.

"அப்போ ஆடறது எது?"

எனக்கு முதலில் ரோஷம்தான் வந்தது. என் கையா? இந்தக் கையால் எத்தனை தொண்டையில் கத்தி வைத்திருக்கிறேன் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கை நல்ல கைதான். எல்லார் கையும் கொஞ்சம் அசையும். இது இருபது மடங்கு பெருசாக்குதுன்னா, பார்க்கறதை மட்டும் இல்ல, கை அசையறதையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். மனசு படபடன்னு இருந்தா இன்னும் ஜாஸ்தி" என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். கிரேன் ஆடவில்லை. என் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்தது. அப்படியானால் அவளை இறக்கியது நான். அவள் பேரைக் கெடுத்தது நான்.

அந்த அம்மாவுக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேசாமல் என் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு, பைனாகுலரைத் திருகிச் சரிசெய்ய முடியாத சிலிண்டர் பவரும் இருக்கிறது, அதனால் நான் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் லென்ஸிலிருந்து தள்ளி இருக்கும், தள்ளி இருந்தாலும் முழு வட்டமும் தெரிகிற மாதிரி செய்தவை தனியாக உண்டாம். இரண்டு மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் ஓரத்தில் கறுப்பாகப் பிறை விழுந்தது. இன்னொன்று நன்றாக இருந்தது, ஆனால் கழுத்தை இழுத்தது. கடைசியில் ஒன்று. எட்டு மடங்குதான். கண் வைக்கிற ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கிக் கொடுத்தார்.

"ரெண்டு குழாயையும் பிடிச்சு மடக்குங்க. ரெண்டு வட்டமும் ஒரே வட்டமா ஆகற வரைக்கும். ஆச்சா? வலது கண்ணை மூடிக்கிட்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குச் சரி பண்ணுங்க. இப்போ இடதை மூடிக்கிட்டு, வலது பக்கம் இருக்கற இந்த வளையத்தை மட்டும் திருப்புங்க. அவ்ளோதான். இது இனி உங்க கண்ணோட அளவு. வேற யாராவது எடுத்தா மாறிடும்."

மணிக்கூண்டு அசையாமல் நின்றது. முட்களின் துரு தெரிந்தது. கீழே ஒருவன் கொட்டாவி விட்டான், அதுகூடத் தெரிந்தது.

"எங்க உட்காரும் அந்தப் பறவை?" என்று பெட்டியைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"ஒரே இடத்துலதான். காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்கும்."

அவர் கை நின்றது.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு" என்றேன்.

அவர் பைனாகுலரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

பாப்பா காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன் பண்ணது நான்தான்மா என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"போன் எடுத்தவர் சொன்னார். யாரோ ஒரு ஆளு, 'பாப்பாவை இறக்குங்க, பாப்பாவை இறக்குங்க'ன்னு கத்தினாராம். அந்த சைட்ல என்னைப் பாப்பான்னு கூப்பிட யாரு இருக்கா?"

இத்தனை நாள் தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நானாகச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறாள்.

"இப்போ எல்லாரும் வாக்கிடாக்கில பாப்பான்னுதான் கூப்பிடறாங்க. 'பாப்பா, சரக்கு ரெடி. பாப்பா, பார்த்து இறக்கு.' சிரிப்பு." காலுறையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "நான் அங்க ஏறி உட்கார ரெண்டு வருஷம் ஆச்சுப்பா. நீங்க ஒரே போன்ல இறக்கிட்டீங்க."

நான் அழுதேனா என்றால், ஆமாம். அவள் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி பாப்பாவின் தட்டை மூடி வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 19, வியாழன்

சலூனை மதியம் வரை பூட்டிவிட்டு, இருபதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைட்டுக்குப் போனேன். மேனேஜர் அறை தகரப் பெட்டி. நான்தான் அந்த ஆள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நாலு நாள் வேலை நின்றது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பேசி விளக்க முடியாது என்று தோன்றியது. பைனாகுலரை எடுத்து அவரிடமே கொடுத்தேன். வெளியே வந்து எதை வேண்டுமானாலும் பாருங்கள் என்றேன்.

அவர் தன் கட்டடத்தையே பார்த்தார். ஏழாவது மாடியோ, எட்டாவதோ. ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னய்யா, எங்க கட்டடமே ஆடுது?"

"கிரேனும் அப்படித்தாங்க ஆடுச்சு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோபமும் பாதி இறங்கிவிட்டிருந்தது. "அவ மேல தப்பில்லன்னு எல்லார் எதிர்லயும் நானே சொல்லிடறேன், நீங்க போங்க" என்றார். பைனாகுலருக்குக் கை நீட்டினேன். "இது இங்கேயே இருக்கட்டும்" என்று மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். அவருக்கு யாரோ காதுக்கு மேலே ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி வெட்டியிருக்கிறார்கள். யாரென்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

பாப்பா இன்னும் பேசவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேசினாள்.

புதுப் பைனாகுலரை நான் ஒளித்து வைக்கவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், என் தலை உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வலக்கண் வளையத்தில் என் அளவு எங்கே என்பதற்கு நகப்பூச்சால் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். பாப்பா டீ டம்ளரோடு வந்தாள். அதை எடுத்துக் கிரேனைப் பார்த்தாள். இன்று அங்கே யாரும் இல்லை.

"இவ்ளோ சின்னதாவா தெரியறேன்?"

"எனக்குப் போதும்" என்றேன்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். கிரேன் கொஞ்சம் ஆடத்தான் செய்யுமாம், ஆடாமல் விறைத்து நின்றால்தான் ஆபத்தாம். காற்று அதிகமானால் கிரேனின் கையைப் பிடித்திருக்கிற பிரேக்கைத் தளர்த்திவிட்டு இறங்கிவிடுவார்களாம். ஆள் இல்லாமலே கிரேனின் கை காற்றுக்குத் தக்கபடி தானாகச் சுற்றுமாம். அதைப் பார்த்துவிட்டு போன் பக்கம் போகக் கூடாது.

"பாருங்க. நாள் பூரா வேணும்னாலும் பாருங்க. ஆனா போனை எடுக்காதீங்க."

சத்தியம் செய்தேன்.

"உனக்கு மேல பயமா இருக்காதா?" என்று கேட்டேன்.

"ஏணியில பாதி தூரத்துல ஒரு இடம் இருக்குப்பா. அங்க தினமும் ஒரு தடவை நின்னுட்டுத்தான் போவேன்."

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "அப்பனும் மகளும் நல்லா வேடிக்கை பாருங்க. எனக்கு அதுக்குள்ள பார்த்தாலே தலை சுத்தும்" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

சைட் மேனேஜர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினேன். கிரேனைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஏப்ரல் 11, சனி

தினமும் ஏணியைப் பார்க்கிறேன். பாதித் தூரத்தில் நிற்கிறாள். பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை மாற்றி மாட்டுகிறாள். கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்கிறாள். அப்புறம் ஏறுகிறாள். அந்த நேரத்துக்கு எனக்கும் மூச்சு நின்றுதான் போகிறது. எட்டு மடங்கில் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. எங்கே பயப்பட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 23, வியாழன்

மனசு இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்கும்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டென்று கடைப் பலகை படபடவென்று அடித்தது. தெருவில் குப்பை எழுந்து சுற்றியது. காற்று. வெறும் காற்று இல்லை, ஆளைத் தள்ளுகிற காற்று. கத்தியைக் கீழே வைத்ததுதான் தெரியும். இரண்டு படியாகத் தாவி மேலே வந்தேன்.

ஜன்னலில் கிரேன் தெரிந்தது. அந்த நீளக் கை தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் சொல்லித்தான் இருந்தாள். சொன்னது மண்டையில் இருந்தது, வயிற்றில் இறங்கவில்லை. ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒன்றும் தெரியல. ரெண்டு ரெண்டு வட்டமா, மங்கலா, ஓரமெல்லாம் கறுப்பு. பார்வையே போயிடுச்சா? திருப்பறேன், மடக்கறேன், ஒண்ணும் நிக்கல. கூண்டு எங்கே, தொப்பி எங்கே, கூண்டு காலியா, காலின்னா அவ எங்கே —

பின்னாலிருந்து மனைவியின் குரல்.

"கூண்டுல தேடாதீங்க. ஏணியைப் பாருங்க. பாதிக்குக் கீழ வந்துட்டா."

ரப்பர் வளையத்தை உள்ளே அழுத்தினேன். குழாய்களை விரித்தேன். வெள்ளைப் புள்ளியைத் தேடித் திருப்பினேன். இரண்டு வட்டமும் ஒன்றாயின. ஏணி. மஞ்சள் தொப்பி. சட்டை முதுகில் உப்பியிருந்தது. கொக்கியை எடுக்கிறாள், கீழே மாட்டுகிறாள், கால் வைக்கிறாள். மறுபடி எடுக்கிறாள், மாட்டுகிறாள். அவசரமே இல்லை. காற்று அவளைக் கம்பியோடு சேர்த்து அழுத்துகிறது, அவள் காத்திருக்கிறாள், அது விட்டதும் அடுத்த படி. இவ்வளவு நிதானமாக என் வீட்டில் யாரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தரையைத் தொடும்வரை பார்த்தேன். யாரோ முதுகில் தட்டினார்கள். தொப்பியைக் கழற்றினாள்.

போன் இருக்கும் பக்கமே போகவில்லை.

கீழே போனபோது அந்த வாடிக்கையாளர் நுரை காய்ந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டு மறுபடி நுரை போட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று காலை காற்றே இல்லை. ஏணியில் வழக்கமான இடத்தில் நின்றாள், ஏறிவிட்டாள்.

நேற்று நடந்ததை யோசித்துக்கொண்டே ஒருவருக்கு மீசை ஒதுக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது. ஏணியில் இருக்கும் ஆள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பாதிக்குக் கீழே வந்துவிட்டாள் என்று மனைவிக்கு எப்படித் தெரியும்?

மதியம் அவள் குளிக்கப் போன நேரத்தில் மேலே வந்து பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். ரப்பர் வளையங்கள் இரண்டும் மேலே ஏறியிருந்தன, கண்ணாடி போடாதவர்கள் வைத்துக்கொள்வது போல. குழாய்கள் நன்றாக மடங்கியிருந்தன, கண்கள் பக்கம் பக்கமாக இருப்பவர்களுக்கு. வலக்கண் வளையம் என் வெள்ளைப் புள்ளியிலிருந்து வெகுதூரம் நகர்ந்திருந்தது. பாப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். ஜன்னலுக்குக் கீழே ஸ்டூல் கிடந்தது. இந்த ஆணி மனைவிக்கு எட்டாது.

ஏப்ரல் மாதமெல்லாம் நான் எடுக்கும்போது அளவு மாறியிருக்கிறதே, கடைக்கார அம்மா ஏமாற்றிவிட்டாரோ, இல்லை என் கண்தான் கெட்டுப்போகிறதோ என்று பயந்துகொண்டிருந்தேன். அதை இங்கே எழுதவும் பயம். பாப்பா மதியச் சாப்பாட்டைக் கூண்டிலேயே சாப்பிடுகிற நேரத்தில் நான் எப்போதும் கீழே வாடிக்கையாளர்களோடு இருப்பேன். அந்த நேரத்தில்தான் இவள் டிக்கெட் கவுண்டரிலிருந்து வருகிறாள்.

தலையணையில் தலை பட்டதும் தூங்குகிறவள். தலை சுத்தும் என்றவள். எத்தனை நாளாக? ஆரம்பத்திலிருந்தேவா? பெற்றவள்தானா என்று இதே பக்கங்களில் எழுதினேனே.

ஒன்றும் கேட்கவில்லை. அவள் அளவு எங்கே இருந்ததோ, அங்கே சிவப்பு நகப்பூச்சால் இன்னொரு புள்ளி வைத்தேன். ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் கீழே அடித்தேன். சுத்தியல் சத்தம் கேட்டு ஈரத் தலையோடு வந்தாள். ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சுவரை ஏன் ஓட்டை போடறீங்க?" என்றாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

பாப்பாவை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சந்தோஷம் ஒரு வாரம்கூட இல்லை. நேற்றிலிருந்து வேறு சைட். ஆற்றுக்கு அந்தப் பக்கம், முப்பத்தைந்து மாடி. சமையலறை ஜன்னலிலிருந்து தெரியாது. நேற்று முழுவதும் நான் எப்படி வேலை செய்தேன் என்று எனக்கே தெரியாது.

இன்று கடை விடுமுறை. மதியம் மனைவி வந்தாள். பையை வைத்தாள். ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என் எதிரிலேயே.

"மொட்டைமாடியில இருந்து தெரியுமான்னு பார்க்கலாம், வாங்க."

மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். நான் அங்கே போய் வருஷக்கணக்காகிறது. போனேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஓரத்தில் போய் நின்றாள். ரப்பர் வளையத்தை ஏற்றினாள், குழாய்களை மடக்கினாள், சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ரொம்ப நேரம் தேடினாள்.

"தெரியறாளா?"

தோள் மட்டும் லேசாக ஏறி இறங்கியது.

"தெரியறாளா, இல்லையா?"

"தெரியறா. தண்ணி குடிக்கறா."

"இங்க குடு."

"இருங்க" என்றாள். "குடிச்சு முடிக்கட்டும்."